பழைய கார்களுக்கு மாற்று டயர்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட காரைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, மீண்டும் சாலைக்குக் கொண்டுவருபவர்கள் உலகெங்கும் உள்ளனர். அந்த வேலையில் எஞ்சினைப் பிரித்து மாட்டலாம். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம். ஏதேனும் ஒரு பற்சக்கரம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். டயரை மட்டும் அப்படிப் பட்டறையில் செய்துகொள்ள முடியாது. பழைய டயரையே வைத்துச் சமாளிக்கவும் முடியாது. ஏனெனில் ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடையும் பொருள்.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் எப்போதாவது ஒரு நாள் டயர்க் கடைக்குப் போயே ஆகவேண்டும். அங்கே அவர் சொல்லும் அளவு பெரும்பாலும் இருப்பில் இருக்காது. "இந்த அளவு இப்போது வருவதில்லை. இதைப் போட்டுக்கொள்ளுங்கள், ரிம்மில் உட்கார்ந்துவிடும்" என்று வேறொன்றை எடுத்துக் காட்டுவார்கள். ரிம்மில் உட்காருவது வேறு, காருக்குப் பொருந்துவது வேறு. ஒவ்வொரு காலத்துக் காரும் அந்தக் காலத்து டயரை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. அதன் ஸ்பிரிங், ஸ்டீயரிங், ரிம்மின் அகலம், ஸ்பீடாமீட்டரின் கணக்கு எல்லாமே அந்த டயரைச் சார்ந்தவை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்கள் எப்படித் தோன்றின, எப்படி மாறின என்று தெரிந்தால்தான் சரியான மாற்று டயரைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்த வரலாற்றையே இக்கட்டுரை கூறுகிறது.

காற்றடைத்த சக்கரம்

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். வல்கனைசிங் என்று பஞ்சர் கடைப் பலகைகளில் இன்றும் எழுதியிருப்பது இந்தச் செயல்முறையின் பெயர்தான்.

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் டன்லப் என்று பாடநூல்களில் படித்திருப்போம். ஆனால் அவருக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ரப்பர் பூசிய துணிக்குழாய்க்குத் தோல் உறை போட்டுக் குதிரை வண்டிச் சக்கரத்தில் பொருத்தினார். அன்று அதற்கு வாங்குவோர் இல்லை. சைக்கிள் கூட அப்போது பரவியிருக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக 1887இல் செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை பெற்றார். தாம்சனின் பழைய ஆவணம் வெளிப்பட்டதும் அந்தக் காப்புரிமை செல்லாததாயிற்று. ஆனால் வணிகம் டன்லப் பெயரிலேயே வளர்ந்தது.

பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரைச் சேர்ந்த மிச்செலின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தனர். 1895இல் பாரீஸ் – போர்தோ – பாரீஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர். ஆயினும் காரைக் காற்றின்மேல் ஓட்டலாம் என்பது அன்று உறுதியாயிற்று.

முப்பதுக்கு மூன்றரை

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் முன்சக்கர டயர் அளவு 30 × 3. பின்சக்கரத்துக்கு 30 × 3½. இன்றைய டயரைப் பார்த்துப் பழகியவர் 30 என்பதை ரிம்மின் அளவு என்று எண்ணிவிடுவார். அது டயரின் வெளி விட்டம், அங்குலத்தில். 3½ என்பது டயரின் தடிமன். ரிம்மின் அளவு எங்கும் எழுதப்படவில்லை, கணக்குப் போட்டுத்தான் அறியவேண்டும். 30இலிருந்து மேலும் கீழுமாக இரண்டு மூன்றரையைக் கழித்தால் 23 வரும். முன்சக்கரத்துக்கு 30இலிருந்து இரண்டு மூன்று போனால் 24. ஆக, ஒரே காரில் முன்னும் பின்னும் வெவ்வேறு ரிம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய இந்தக் கணக்கைப் போடாமல் டயர் வாங்கிவிட்டு, மாட்ட முடியாமல் நிற்க நேரிடும்.

இந்தக் காலத்து டயர்களின் விளிம்பில் கம்பி கிடையாது. தடித்த ரப்பர் மடிப்பு ஒன்று இருக்கும். கொக்கிபோல் வளைந்த ரிம்மின் ஓரத்தில் அது மாட்டிக்கொள்ளும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஒன்றே. அழுத்தம் குறைந்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று ஓடும். அதனால்தான் அந்த மெல்லிய டயர்களுக்கு 50, 60 பவுண்டு காற்று பிடித்தார்கள். அந்தக் காலத்துக் காரை இன்று வைத்திருப்பவருக்கு இவ்வகை டயர் புதிதாகவே கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்குமுன் காற்றைச் சோதிக்கும் பழக்கமும் அதனுடன் வேண்டும்.

நாம் அன்றாடம் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற சொல் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். தொடக்ககாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் சாலையோரத்திலேயே டயரைக் கழற்றி ஒட்டவேண்டும். வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904இல், ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பழுதான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்விப் பொருத்தும்படி செய்தார். அவர்களது பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. இன்று இங்கிலாந்தில் அச்சொல் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர் வாயில் உயிரோடு இருக்கிறது.

டயரின் நிறமும் கவனிக்கத் தக்கது. முதல் டயர்கள் கருப்பாக இல்லை. வெளிர் சாம்பலாகவோ, துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் வெள்ளையாகவோ இருந்தன. 1898இல் வரையப்பட்ட மிச்செலின் பொம்மை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. புகைக்கரி போன்ற கார்பன் பிளாக்கை ரப்பரில் கலந்தால் டயர் பல மடங்கு உழைக்கும் என்பது 1904இல் லண்டனின் சில்வர்டவுன் தொழிற்சாலையில் தெரியவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாலையில் படும் பகுதி கருப்பாயிற்று. பக்கவாட்டு வெள்ளை சில காலம் நீடித்து, பிறகு அலங்காரமாகிவிட்டது. ஆகவே 1910ஆம் ஆண்டுக் காருக்கு வெள்ளை டயர் கேட்பவரை ஆடம்பரக்காரர் என்று எண்ண வேண்டியதில்லை. அவர் வரலாற்றைச் சரியாகக் கேட்கிறார்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த டயர்களின் ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகள், இலங்கைக்கும் மலாயாவுக்கும் கன்றுகளாகப் போய்ச் சேர்ந்தன. கார்கள் பெருகப் பெருக மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் காட்டை அழித்து விரிந்தன. அங்கே பால்வெட்ட, கங்காணி முறையில் கப்பலேற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அமெரிக்காவில் ஓடிய மாடல் டி காரின் சக்கரத்தில் அவர்களின் வியர்வையும் சுழன்றது.

பலூன் டயரும் நைலான் டயரும்

1923இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயரை அறிமுகம் செய்தது. தடிமன் கூடி, காற்றின் அழுத்தம் குறைந்தது. விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் வந்தது. டயர் கழன்று ஓடும் பயம் நீங்கியது. இத்துடன் அளவெண்ணின் முறையும் மாறத் தொடங்கியது. மாடல் டி காரின் கடைசிக் கால அளவு 4.40-21. இதில் முன்னெண் டயரின் தடிமன், பின்னெண் ரிம்மின் விட்டம். இன்றுவரை ரிம் அளவைக் கடைசியில் எழுதும் வழக்கம் இதிலிருந்து வருகிறது.

இந்தியச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய அம்பாசடரின் டயர் அளவு 5.90-15. ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஆகியவற்றுக்கு 5.20-14. இவையெல்லாம் நம் ஊரில் நைலான் டயர் என்று அழைக்கப்படும் குறுக்கிழை டயர்கள். அவற்றைச் செய்த தொழிற்சாலைகளும் நமக்கு அந்நியமல்ல. டன்லப் 1936இல் வங்காளத்தின் சாஹாகஞ்சிலும், 1959இல் சென்னை அம்பத்தூரிலும் ஆலை தொடங்கியது. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது.

குறுக்கிழை டயரின் உள்ளமைப்பு எளியது. நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றின்மேல் ஒன்று பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டுச் செல்லும். நூல் முதலில் பருத்தியாக இருந்தது. பிறகு ரேயான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான டயர்களுக்குப் பயன்பட்ட நைலான் போருக்குப் பின் கார்களுக்கு வந்தது. டயரில் '6 பி.ஆர்.' என்று எழுதியிருந்தால் உள்ளே ஆறு அடுக்கு இருக்கிறது என்று பொருளல்ல. பழைய பருத்தி நூலில் ஆறு அடுக்குக்கு உள்ள வலிமை இதற்கு உண்டு என்று பொருள். பருத்தி போய்விட்டது, அதன் கணக்கு தங்கிவிட்டது.

பக்கவாட்டுச் சுவரும் சாலையில் படும் பகுதியும் ஒரே துணியாக இருப்பதால், காரின் எடை மாறும்போதெல்லாம் டயர் முழுவதும் நெளியும். இந்த நெளிவு சூட்டை உண்டாக்கும், பட்டனை விரைவில் தேய்க்கும். வளைவில் டயர் மெதுவாக, முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வழுக்கும். அக்காலத்து ஓட்டுநர் அந்த எச்சரிக்கையை ஸ்டீயரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார். நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியின் டயர், தரையில் பட்ட இடத்தில் தட்டையாகிவிடும். காலையில் எடுத்தவுடன் சில கிலோமீட்டர் வரை 'தட் தட்' என்று தட்டும். சூடேறியதும் சரியாகும். அம்பாசடரில் பயணம் செய்த மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ஈக்கூண்டு

நூல்களைக் குறுக்கே சாய்க்காமல், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக வளைத்துவிட்டு, சாலையில் படும் பகுதிக்குக் கீழே மட்டும் இறுக்கமான பட்டை ஒன்றைச் சுற்றினால் என்ன? இந்த எண்ணம் புதிதல்ல. 1913இலேயே இங்கிலாந்தில் கிரே, ஸ்லோப்பர் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். அது செயலுக்கு வரவில்லை. மிச்செலினில் பணியாற்றிய மாரியுஸ் மிஞோல், டயர் ஏன் சூடாகிறது என்று ஆராய, பக்கவாட்டில் இடைவெளிவிட்டு எஃகுக் கம்பிகள் மட்டும் தெரியும் சோதனை டயர் ஒன்றைச் செய்தார். பார்ப்பதற்கு ஈ புகாத கம்பிக்கூண்டுபோல் இருந்ததால் அதற்கு ஈக்கூண்டு என்றே பெயர். சூடு வெகுவாகக் குறைந்தது. 1946இல் காப்புரிமை கோரப்பட்டது. 1949 முதல் 'மிச்செலின் எக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதுவே ரேடியல் டயர்.

மிச்செலினுக்கு ஒரு வசதி இருந்தது. 1934இல் நொடித்துப்போன சிட்ரோயென் கார் நிறுவனத்தை அதுவே எடுத்துக்கொண்டிருந்தது. எனவே டயரையும் காரையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்க முடிந்தது. 1955இல் வந்த சிட்ரோயென் டி.எஸ். கார் ரேடியலுடனேயே பிறந்தது. இத்தாலியின் பிரெல்லி, எஃகுக்குப் பதில் துணிப்பட்டை வைத்து 'சின்டுராட்டோ' ரேடியலைக் கொண்டுவந்தது. அமெரிக்கா மிகவும் தயங்கியது. ஏற்கெனவே இருந்த எந்திரங்களையெல்லாம் மாற்றவேண்டுமே என்ற கவலை அங்கே. 1970ஆம் ஆண்டின் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3தான் ரேடியலை வழக்கமான பொருத்தமாகக் கொண்ட முதல் அமெரிக்கக் கார்.

ரேடியலில் பக்கச்சுவர் தனியாக வளையும், பட்டை தனியாகத் தரையைக் கவ்வும். தேய்மானம் குறைவு, பெட்ரோல் மிச்சம், ஈரச் சாலையில் பிடிப்பு அதிகம். ஆனால் வேகமான வளைவில் அது கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்து, பிறகு சட்டென்று விட்டுவிடும். பழைய டயர் முன்கூட்டியே தந்த எச்சரிக்கை இதில் குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாறு தெரிந்தபின் இந்தக் கேள்வி எளிதாகிறது. ரேடியலுடன் பிறந்த காருக்கு ரேடியல்தான். குறுக்கிழை டயருடன் பிறந்த காருக்கு இரண்டு வழி உண்டு. அசல் அளவில் அதே வகையைத் தேடலாம். அல்லது தடிமனும் வெளி விட்டமும் ஏறக்குறைய ஒத்த, ஒல்லியான ரேடியலைப் போடலாம். எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 5.60-15க்கு 155 ஆர் 15 அல்லது 165 ஆர் 15 பொருந்தும். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் கார் 6.40-15 குறுக்கிழை டயருடன் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அந்த நிறுவனமே 185-15 ரேடியலுக்கு மாறியது. தயாரிப்பாளரே இப்படிச் செய்த மாற்றம் இருந்தால் உரிமையாளர் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு ரேடியல் நல்லது. 1930ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆரக்கால் சக்கர வண்டிகளுக்குக் குறுக்கிழையே நல்லது. ரேடியலின் பிடிப்பு, வளைவில் ரிம்மையும் ஆரக்கால்களையும் பேரிங்கையும் அன்று எண்ணிப்பார்க்காத அளவுக்கு இழுக்கும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் பூட்டக்கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது அதைவிட மோசம். முன்சக்கரம் கவ்விக்கொண்டு திரும்ப, பின்சக்கரம் வழுக்கி வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். பிரிட்டனில் இவ்விரண்டுக்கும் சட்டப்படியே தடை உள்ளது. பின்னால் ரேடியல், முன்னால் குறுக்கிழை என்பதற்கு மட்டும் அனுமதி உண்டு. நான்கும் ஒரே வகையாக, ஸ்டெப்னியும் அதே வகையாக இருந்தால் எந்தக் கேள்வியும் எழாது.

அடுத்தது, அகலமான டயர் மீது வரும் ஆசை. பழைய காரின் ரிம் நான்கு அல்லது நாலரை அங்குல அகலமே இருக்கும். அதில் இன்றைய அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கும், நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும், மட்கார்டில் உரசும். விட்டமும் மாறும். இதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். 165 ஆர் 15 என்று வேறு எண் இல்லாமல் எழுதியிருந்தால், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று பொருள். அதாவது 132 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 264. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மொத்தம் 645 மி.மீ. இதற்குப் பதில் பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று 195/55 ஆர் 15 போட்டால்? 195இல் 55 விழுக்காடு 107. இரு பக்கமும் 214½. ரிம்முடன் 595½ மி.மீ. சக்கரம் கிட்டத்தட்ட எட்டு விழுக்காடு சிறுத்துவிட்டது. ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 74இல்தான் போகும். எஞ்சின் அதே வேகத்துக்கு அதிகமாகச் சுழலும். வண்டியின் அடிப்பாகம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தரைக்கு நெருங்கும். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்திலும் கவனம் வேண்டும். காரின் பழைய கையேட்டில் உள்ள எண் குறுக்கிழைக்கு உரியது. ரேடியலுக்கு மாறினால் பொதுவாக அதைவிடச் சில பவுண்டு கூடுதலாகப் பிடிப்பார்கள். வேகக்குறி எழுத்தும் அசலைவிடக் குறையக்கூடாது. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., எச் என்றால் 210 கி.மீ. வரை.

சில கார்களில் தேர்வு செய்யவே இடமில்லை. 1975இல் மிச்செலின் 'டி.ஆர்.எக்ஸ்.' என்ற புதிய டயரையும் அதற்கென்றே தனி ரிம்மையும் கொண்டுவந்தது. ரிம்மின் விட்டத்தை மில்லிமீட்டரில் 390 என்று வைத்தது. 15 அங்குலம் 381 மி.மீ., 16 அங்குலம் 406 மி.மீ. ஆகவே சாதாரண டயர் எதுவும் அதில் ஏறாது. சாதாரண டயரைத் தவறிப் பூட்டிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கமும் இதில் இருந்தது. உலகம் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. அந்த ரிம்முடன் கார் வைத்திருப்பவர் இன்று மிகுந்த விலை கொடுத்து அதே டயரை வாங்கவேண்டும், அல்லது நான்கு ரிம்மையும் மாற்றவேண்டும். பழைய சிட்ரோயென் கார்களின் 400 மி.மீ. ரிம்மும் இப்படிப்பட்டதே.

டியூப் வேண்டுமா?

டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1947இல் அறிவித்தது. 1950களின் நடுவில் அங்கே புதுக் கார்களில் பரவியது. அதற்கு முந்தைய ரிம்கள் காற்றைத் தேக்கிவைக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஆரக்கால் துளைகள் வழியாகவும், தறையாணி அடித்த இடங்கள் வழியாகவும் காற்று கசியும். வளைவில் டயர் விளிம்பு உள்ளே சரியாமல் தடுக்கும் மேடும் அந்த ரிம்களில் இல்லை. எனவே டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் பழைய ரிம்மில் டியூப் போட்டே ஆகவேண்டும். ரேடியலுக்கென்று செய்த டியூபாக இருத்தல் நல்லது. ஆரக்கால் முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க ரிம் பட்டையும் புதிதாகப் போடவேண்டும். புது டயருக்குள் பழைய டியூபை மடித்துப் போடும் சிக்கனம் நெடுஞ்சாலையில் செல்லுபடியாகாது.

யார் செய்கிறார்கள்?

அசல் டயர் நிறுவனங்கள் கைவிட்ட அளவுகளைச் சிறிய அளவில் செய்து விற்கும் தொழில் ஒன்று வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் சட்டனூகா நகரைச் சேர்ந்த, 1958இல் தொடங்கிய கோக்கர் டயர், பழைய பெயர்களை உரிமம் பெற்றும் பழைய அச்சுகளைக் கொண்டும் டயர் செய்கிறது. வெளித்தோற்றத்தில் குறுக்கிழையாகவும் உள்ளே ரேடியலாகவும் இருக்கும் டயர்கள்கூட அதனிடம் உண்டு. மிச்செலினும் பிரெல்லியும் தம் பழைய மாதிரிகளை இன்றைய ரப்பர் கலவையில் மீண்டும் செய்கின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் விலை அதிகம்.

இந்தியாவில் அம்பாசடர் 2014 வரை தயாரானதால் அதன் டயருக்குப் பெரிய பஞ்சம் இருந்ததில்லை. வெளிநாட்டுப் பழங்கார் வைத்திருப்பவர் நிலை வேறு. 2020 ஜூன் மாதம் புதிய டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டே, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை அறிவிக்கப்பட்டது. ஒருபுறம் காரைப் பாரம்பரியப் பொருளாக ஏற்றுக்கொண்டு, மறுபுறம் அதன் டயருக்கு அனுமதி கேட்டு நிற்கச் செய்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. கிடைக்காத டயருக்காகக் காத்திருப்பவர் பழைய டயரிலேயே ஓட்டுவார். அதுதான் அபாயம்.

டயரின் வயது

டயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பட்டனைப் பார்ப்பார்கள். மொட்டை டயர் ஆபத்து என்பது குழந்தைக்கும் தெரியும். பழைய காரில் நிலைமை தலைகீழ். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பட்டன் தேய்வதே இல்லை. புத்தம் புதிதுபோல் இருக்கும் பட்டனுக்கு அடியில் ரப்பர் விறைத்து, நூலுடன் இருந்த ஒட்டு விட்டிருக்கும்.

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நெடிய மூலக்கூறுகளை அறுக்கின்றன. இதைத் தடுக்க டயரில் ஒருவகை மெழுகும் வேறு சில வேதிப்பொருள்களும் கலந்திருக்கும். டயர் ஓடி நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கும். நிறுத்தியே வைத்த வண்டியின் டயர் நெளிவதில்லை. பாதுகாப்பும் மேலே வருவதில்லை. ஓடாத டயர் ஓடும் டயரைவிட விரைவில் வெடிப்பு விடுவதற்கு இதுவே காரணம்.

2012 செப்டம்பரில், இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து, ஹைண்ட்ஹெட் அருகே முன்சக்கர டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தனர். அந்த டயரில் சட்டப்படி வேண்டிய பட்டன் இருந்தது. அதன் வயது 19 ஆண்டுகளுக்கு மேல். பேருந்தைவிட டயர் மூத்தது. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி முதல் பிரிட்டனில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டயர் தடை செய்யப்பட்டது. கார்களுக்கு அத்தகைய தடை அங்கே வரவில்லை.

2013 நவம்பரில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களின் நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷ் கார் விபத்தில் சிக்கி அவர் இறந்ததை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். விசாரணையில் அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று கூறப்பட்டது. அத்துடன் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதும், அது காரின் பிடிப்பைக் குறைத்திருக்கலாம் என்பதும் பதிவாயின.

டயரின் வயதை அறிவது கடினமல்ல. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் செய்தது. மூன்று எண்கள் மட்டுமே இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்தது. அதற்குமேல் கணக்கிட வேண்டியதில்லை, கழற்றிவிடலாம். டயர் நிறுவனங்கள் பலவும் அதிகபட்சம் 10 ஆண்டு என்கின்றன. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. 'பழைய இருப்பு, இதுவரை பூட்டாதது, அசல்' என்று சொல்லி முப்பது ஆண்டு டயரை விற்பவர்களும் உண்டு. அருங்காட்சியகத்தில் நிறுத்திவைக்கும் காருக்கு அது பெருமை சேர்க்கும். கோயம்புத்தூரில் உள்ள ஜீ.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய டயர் வகைகளைக் கண்ணால் கண்டு கற்கலாம். சாலையில் ஓடும் காரில் அத்தகைய டயருக்கு இடமில்லை.

நீண்டநாள் நிறுத்தும் வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, டயரில் வெயில் படாமல் மூடி வைக்கலாம். மின்மோட்டார்கள் ஓசோனை வெளியிடுவதால் அவற்றின் அருகில் நிறுத்த வேண்டாம். நான்கு டயரையும் மாற்றும் நாளில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் எல்லாவற்றிலும் மூத்த டயர் அங்கேதான் படுத்திருக்கும்.